அரக்கும் எழுதுகோலும்

எழுதப்பட்டவற்றின் வரலாற்றை நாம் நிறையவே கற்றிருக்கிறோம். எழுதிய கருவியின் வரலாற்றைக் கற்றோமில்லை. பழந்தமிழ் நூல்களைக் காத்துத் தந்த ஏடுகளைப் பற்றியும், அவற்றைத் தேடி அலைந்து அச்சேற்றிய பெரியோரைப் பற்றியும் எங்கள் பாடநூல்களிற் பக்கங்கள் உண்டு. அந்த ஏடுகளிற் கீறிய எழுத்தாணியை உலையிலிட்டு அடித்த கொல்லனைப் பற்றி ஒரு வரியேனும் இல்லை. இந்த மௌனம் தற்செயலானதன்று. எழுதுவோர் ஒரு சாராராகவும் எழுதுகோலைச் செய்வோர் மற்றொரு சாராராகவும் பிரிந்து நின்ற சமுதாயத்தில், வரலாற்றை எழுதியோர் எழுதுவோரே. தமது கையிலிருந்த கருவி எந்தக் கையிலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்கும் தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

இவ்வெண்ணம் என் மனத்தில் எழுவதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று. செட்டிகுளத்தில் நான் கற்பிக்கும் பாடசாலையிலே தமிழ்த் தினத்தையொட்டிப் பழம்பொருட் காட்சியொன்றை மாணவர் ஒழுங்குசெய்தனர். உரலும் உலக்கையும், கொத்தும் மரைக்காலும் வந்து சேர்ந்தன. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பழஞ்சேலைத் துண்டொன்றிற் சுற்றி எழுத்தாணி ஒன்றைக் கொணர்ந்தாள். அவளுடைய அம்மம்மா ஒவ்வோர் இடப்பெயர்வின் போதும் காணி உறுதிகளோடு சேர்த்து முடிந்துகொண்டு போன பொருள் அது. 2009இல் எங்கள் பிரதேசத்திலே அமைந்த மெனிக் பாம் முகாமையும் கண்டு மீண்டது. மேசையில் வைக்க எடுத்தபோது இரும்பு பிடியிலிருந்து கழன்றுவிட்டது. பிடியின் துளைக்குள்ளே கருஞ்சிவப்பாய்ப் பிசின் போன்ற ஒன்று உறைந்திருந்தது. "இது என்ன, சேர்?" என்று கேட்டான் ஒரு மாணவன். தமிழிற் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. அருகில் நின்ற அந்த அம்மம்மாதான் சொன்னார்: "அது அரக்கு, மாஸ்ரர். சூடு காட்டினால் இளகும், திருப்பிப் பொருத்தலாம்." விளக்குச் சுடரிற் பிடித்து அவ்வாறே பொருத்தியும் தந்தார்.

பாண்டவரைக் கொல்ல எழுப்பிய அரக்கு மாளிகையின் கதையைப் பலமுறை படிப்பித்திருக்கிறேன். அரக்கைக் கண்டால் இன்னதென அறியும் கண் மட்டும் எனக்கு இல்லாது போயிற்று. அந்த வெட்கமே என்னைத் தேடத் தூண்டியது. தேடிய வழியிலே, யப்பானியர் அரக்குப் பூசிச் செய்யும் பேனைகளைப் பற்றி அறிய நேர்ந்தது. கையாற் கடைந்த ஊற்றுப் பேனையின் உடலிலே மரப்பாலைப் படலம் படலமாக ஏற்றி, பொற்றூள் தூவி, பறவையும் அலையும் வரைந்து, பல மாதம் மெருகிட்டு முடிக்கும் கலை அது. இலங்கையிலே ஓர் ஆசிரியர் பல மாதம் உழைத்துப் பெறும் சம்பளத்தை ஒரே பேனைக்கு விலையாகக் கேட்கிறார்கள்.

இங்கே ஒரு வினா எழுகிறது. அரக்கு எங்கள் நாட்டிலும் உண்டு. அதைக் கையாளும் கலையும் உண்டு. அங்கே அது எழுதுகோலின் மீது ஏறி உலகப் புகழ் பெற, இங்கே கைத்தடியோடும் சாம்பற் கிண்ணத்தோடும் நின்றுவிட்டதேன்? யப்பானியரின் இயல்பான கலைத்திறன் என்று சொல்லி முடிப்போர் உளர். அவ்விடை வரலாறாகாது. ஒரு கைத்தொழிலின் ஏற்றமும் தாழ்வும் இனத்தின் இரத்தத்திலிருந்து வருவனவல்ல. பொருளின் இயல்பும், தொழிலாளி நின்ற சமூக உறவுகளும், அவனை ஆண்ட அரசும், அவன் நாடிய சந்தையும் சேர்ந்தே அவற்றை முடிவு செய்கின்றன. இதனைச் சான்றுகளோடு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

* * *

முதலிற் பொருளின் இயல்பை நோக்குவோம். ஐரோப்பியர் 'லாக்கர்' என ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் இரு வேறு பொருள்கள்.

ஒன்று எங்கள் அரக்கு. மரக்கொம்புகளில் மொய்த்துச் சாறுறிஞ்சி வாழும் ஒரு நுண்ணிய பூச்சி தன்னைச் சூழக் கட்டும் கூடே அது. கொம்போடு ஒடித்தெடுப்பது கொம்பரக்கு; அதனைத் தூய்மை செய்து மெல்லிய தகடுகளாக்கினால் அவலரக்கு. வட இந்தியாவிற் குசும் என்னும் மரம் இதற்குப் பேர்பெற்றது. அந்த மரம் எங்களுக்கு அந்நியமானதன்று. வன்னிக் காட்டிற் சிறுவர் ஏறிக் கூழாம்பழம் பறிக்கும் கூழா மரமே அது. சிங்களத்தில் அதற்குக் 'கோன்' என்று பெயர். அதிலும், கெப்பெட்டியா என்னும் செடியிலும் இலங்கைத் தொழிலாளர் அரக்கு எடுத்துள்ளனர்.

மற்றொன்று யப்பானியரின் 'உருஷி'. அது பூச்சி தருவதன்று. சீனா, கொரியா, யப்பான் ஆகிய நாடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். அம்மரம் மாவுக்கும் மரமுந்திரிகைக்கும் உறவினம். மாங்காய்ப்பால் பட்டு வாய் வெந்தவரும், மரமுந்திரிகைக் கொட்டை சுடும்போது எண்ணெய் தெறித்துக் கை புண்ணானவரும் உருஷியின் குணத்தை ஓரளவு அறிவர். துணிக்குக் குறியிடச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய சேங்கொட்டையும் இக்குடும்பத்ததே. உருஷி பட்ட தோல் சிவந்து கொப்புளிக்கும். அத்தொழிலிற் புகும் இளைஞர் முதலிற் கற்பது இந்த நோவைத் தாங்குவதையே.

இரண்டும் உறையும் விதமும் வேறு. அரக்கு சூட்டில் இளகிக் குளிரில் இறுகும். மீண்டும் சூடு காட்டினால் மீண்டும் இளகும். உருஷியோ ஈரக்காற்றில் இறுகும். ஏறத்தாழ 20 முதல் 25 பாகை வெப்பமும், 70 வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனும் உள்ள மரப்பேழைக்குள் அதனை வைப்பார்கள். அப்பாலிலே இயல்பாக உள்ள ஒரு நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்கச் செய்ய, பால் கல்லென இறுகுகிறது. இந்நொதியத்தை 1883இல் ஆராய்ந்து கூறியவர் யொஷிதா என்னும் யப்பானிய வேதியியலாளர். ஒருமுறை இறுகிய உருஷி பின்பு இளகுவதில்லை. மதுசாரத்திற் கரையாது, அமிலத்துக்கும் காரத்துக்கும் எளிதில் அசையாது. எங்கள் அரக்கோ மதுசாரத்திற் கரையும். கொதிநீர் பட்டால் வெளிறும். நாள்முழுதும் வியர்த்த கையில் இருந்து, மையிலும் நனையும் பேனைக்கு உருஷியே ஏற்ற மேற்பூச்சு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் இயற்கை சொன்ன விடை இவ்வளவுதான். உருஷி 9000 ஆண்டுகளாக யப்பானில் வழங்குவதைத் தொல்லியலாளர் காட்டியுள்ளனர். ஊற்றுப் பேனையின் மீது அது ஏறியதோ நூறாண்டுக்கு முன்புதான். 9000 ஆண்டு காத்திருந்த பொருள் ஒரு குறிப்பிட்ட பத்தாண்டிலே எழுதுகோலைச் சேர்ந்தமைக்குக் காரணம் மரத்தில் இல்லை; மனிதரின் வரலாற்றில் உண்டு.

* * *

யப்பானின் அரக்கு வினைஞரை நெடுங்காலம் வாழ்வித்தவர் நிலப்பிரபுக்களும் சமூராய்களுமே. உணவுப் பேழை, சேணம், கவசம், வாளுறை என்பன அவர்களுக்காகச் செய்யப்பட்டன. 1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. பிரபுக்களின் ஆட்சிப்புலங்கள் ஒழிந்தன. 1876இல் வாள் அணிதலை அரசு தடைசெய்தது. ஒரு கட்டளையால் வாளுறைக்கு அரக்கேற்றிய குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. வாளுறைகளிலே அவர்கள் கண்டுபிடித்திருந்த நூற்றுக்கணக்கான பூச்சு வகைகள் கேட்பாரற்றுப் போயின.

எனினும் அந்த அரசு அக்கலையை அடியோடு கைவிடவில்லை. முதலாளித்துவப் பாதையில் விரைந்த யப்பானுக்கு அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. 1873இல் வியன்னாக் கண்காட்சிக்கு அரக்குப் பொருள்களை அனுப்பிற்று. மறு ஆண்டு, கைவினைப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் கம்பனியொன்றுக்கு ஆதரவளித்தது. தோக்கியோவில் நுண்கலைப் பள்ளியைத் திறந்து அரக்கு வினையை அங்கே பாடமாக்கியது. பிழைப்புத் தேடிய கையும், சந்தை தேடிய அரசும் இவ்வாறு சந்தித்தன.

மறுபுறம் பேனையின் கதையைப் பார்ப்போம். அமெரிக்கரான வாட்டர்மன் 1884இல் ஊற்றுப் பேனைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலப் பேனைகளின் உடல் எபனைற் என்னும் பொருளால் ஆனது. இறப்பரோடு கந்தகத்தை மிகுதியாகக் கலந்து சூடேற்றி இறுகச் செய்வது அது. அதன் கருமையும் வைரமும் கருங்காலி மரத்தை ஒத்திருந்தமையால், அம்மரத்தின் ஆங்கிலப் பெயரே அதற்கும் வந்தது. எங்கள் வன்னிக் காட்டின் கருங்காலியை நினைவூட்டும் பெயர் அது. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு இறப்பர்க் கன்றுகள் வந்தன. அதன் பின் இலங்கையிலும் மலாயாவிலும் விரிந்த தோட்டங்களிற் பால் வெட்டியவர்களுள் ஆயிரமாயிரவர் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோர். உலகெங்கும் எழுதிய பேனைகளின் கருமையிலே அவர்களின் விடியற்காலை உழைப்பு உறைந்திருக்கிறது.

எபனைற்றுக்கு ஒரு குறை உண்டு. வெயிலும் ஈரமும் பட்டால் அதன் கருமை மங்கிப் பழுப்பேறும். இக்குறையை நீக்க முயன்றவர் நமிக்கி றியோசுகே. அவர் தோக்கியோவிலே கப்பற்றுறைக் கல்லூரியொன்றின் ஆசிரியராயிருந்தவர். 1918இல் தம் தோழர் வதா மசாவோவுடன் பேனைக் கம்பனியைத் தொடங்கினார். இன்று பைலட் என வழங்குவது அதுவே. எபனைற்றின் மீது உருஷியை ஏற்றினால் நிறம் மங்காது என்று கண்டு, 1920களின் நடுவிலே அம்முறையை நிறுவினர். அதாவது அரக்கு முதலிற் பேனைக்கு வந்தது அழகுக்காகவன்று, பழுதைத் தடுக்கவே. அழகு அதனைத் தொடர்ந்து வந்தது. உருஷி ஏறிய கரிய உடல் பொன் ஓவியத்துக்கு ஏற்ற தளமாக இருந்தது. அவ்வோவியத்தை வரையக்கூடிய கைகள் வேலை தேடி நின்றன. 1926இல் இலண்டன், நியூயோர்க், ஷங்காய், சிங்கப்பூர் ஆகிய நகரங்களிற் கம்பனி கிளை திறந்தது. 1930இல் இலண்டனின் டன்ஹில் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அடுத்த ஆண்டு மற்சுதா கொன்றொகு என்னும் பெருங்கலைஞரின் தலைமையில் பேனை ஓவியர் குழுவொன்று அமைந்தது. வாளுறையில் வளர்ந்த கலை எழுதுகோலை அடைந்த பாதை இதுவே.

* * *

இப்பேனை உருவாகும் விதத்தைச் சற்று விரிவாக அறிதல் நன்று. ஏனெனில் வியப்புக்குரியது பேனையின் விலையன்று. அதனுள் அடங்கிய உழைப்பே.

உருஷி மரம் பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த பின்பே பால் தரும். கோடை தொடக்கம் இலையுதிர் காலம் வரை அதன் பட்டையிற் சில நாளுக்கொரு கீறலாக இட்டு, கசியும் பாலைச் சொட்டுச் சொட்டாக வழித்தெடுப்பார்கள். ஒரு மரம் தருவது ஏறத்தாழ 200 கிராம். யப்பானிலே பெரிதும் வழங்கும் முறைப்படி, அந்தப் பருவத்தின் முடிவில் மரத்தை வெட்டிவிடுவர். அடியிலிருந்து புதுத் துளிர் எழும். ஒரு மரத்தின் முழு வாழ்வும் ஒரு சிறு குவளைப் பாலாய் முடிகிறது.

கடைசல்காரர் எபனைற் கோலைக் கடைந்து உடலையும் மூடியையும் செய்து கொடுப்பார். பூச்சுக்காரர் அதன்மேல் உருஷியை மயிரிழைக் கனத்தில் ஏற்றி, ஈரப்பேழையில் இறுக வைத்து, கரித்துண்டாலும் நீராலும் தேய்த்துச் சமன்செய்வார். பூசும் தூரிகை மனிதத் தலைமயிராற் கட்டப்படுவது. பூசுதலும் இறுகுதலும் தேய்த்தலும் பலமுறை தொடரும். அதன் பின்னரே ஓவியர் கைக்குப் பேனை செல்லும். அவர் உருஷியால் மெல்லிய கோடுகளை வரைந்து, அவை ஈரமாய் இருக்கும்போதே மூங்கிற் குழலிலிருந்து பொற்றூளைத் தட்டித் தூவுவார். 'மக்கியே' என்னும் பெயருக்குத் 'தூவிய ஓவியம்' என்பதே பொருள். தூவியதன்மேல் மீண்டும் உருஷி ஏற்றி, மீண்டும் தேய்த்து, ஓவியத்தை மேலெழச் செய்வர். இறுதி மெருகு விரல் நுனியாலும் மான்கொம்புத் தூளாலும் இடப்படும். எந்த இயந்திரமும் அந்த விரலின் இடத்தை நிரப்பவில்லை.

ஓவியர் தம் கையொப்பத்தைப் பேனையின் உடலில் இடுவார். கம்பனியின் பெயர் முள்ளிற் பொறிக்கப்படும். ஆனாற் கோலைக் கடைந்தவர், அடிப்பூச்சு ஏற்றியவர், கரியால் தேய்த்தவர், மலைச்சரிவிலே பால் எடுத்தவர், இறப்பர்த் தோட்டத்திலே பால் வெட்டியவர் ஆகியோரின் பெயர் எங்குமில்லை. கையொப்பம் பெற்ற உழைப்பு, பெறாத உழைப்பு என்ற பாகுபாடு யப்பானியப் பேனையிலும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. இலண்டன் கடையிலே அதனை வாங்கியோர் செல்வரே. செய்தோருள் எத்தனை பேர் அதனால் எழுதியிருப்பர்? 1930களின் பிற்பகுதியில் யப்பானிய ஏகாதிபத்தியம் சீனாவிற் போரை விரித்தபோது பொன்னும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; பொன் முள்ளின் இடத்தை உருக்கு முள் பிடித்தது. கலையைச் சந்தைக்கு அழைத்த அதே அரசு அதனைப் போருக்குப் பலியிட்டதும் ஒரே வரலாறுதான்.

போருக்குப் பின் 1950இல் வந்த பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. பொருளை மட்டுமன்றி, அதனைச் செய்யும் கைத்திறனையும் நாட்டின் சொத்தாக அது கொண்டது. 1955இல் அவ்வாறு மதிக்கப்பெற்ற முதல்வர்களுள் பேனைக்கு ஓவியம் தீட்டிய மற்சுதாவும் ஒருவர்.

* * *

இனி எங்கள் நாட்டுக்குத் திரும்புவோம். மாத்தளை மாவட்டத்து ஹப்புவிதையிலும் தெற்கே அங்கல்மடுவையிலும் அரக்குக் கைவினை இன்றும் அறியப்படுவது. சிங்களத்தில் இவ்வினைஞருக்கு வழங்கிய பழம்பெயரின் பொருள் 'அம்பு செய்வோர்' என்பதாகும். கண்டி மன்னரின் படைக்கு அம்பும் ஈட்டித் தண்டும் செய்து அரக்கால் அணி செய்தோரின் வழிவந்தவர்கள் அவர்கள். வாளுறை செய்த யப்பானியனுக்கும் அம்பு செய்த கண்டியனுக்கும் தொடக்கம் ஒன்றேபோல் இருந்ததைக் காண்க.

கைத்திறனிலும் அவர்கள் குறைந்தவரல்லர். அரக்கைக் கரிநெருப்பிற் காட்டி இழுத்து, முறுக்கி, அடித்துப் பதப்படுத்துவர். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். அரிதாரத்தோடு அவுரி சேரப் பச்சை. கடைசலிற் சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டிலே அது இளகிப் படியும். ஓலைக் கீற்றால் அழுத்தி மெருகிடுவர். ஹப்புவிதையின் தனிச்சிறப்பு நகவேலை. இளகிய அரக்கை நூலாக இழுத்து, மரத்தில் வைத்துக் கோலமிட்டு, பெருவிரல் நகத்தாற் கிள்ளித் துண்டிப்பார்கள். தூரிகையும் இல்லை, அச்சும் இல்லை, நகமே கருவி. ஏட்டுச் சுவடிகளின் மரப்பலகைகளிலும் அரக்கு அணி ஏறியதுண்டு. ஆகவே எழுத்துக்கும் அரக்குக்கும் உறவு இங்கும் அரும்பியே இருந்தது.

அது மலராமற் போனதேன்? 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. வினைஞரை வாழ்வித்த நிலமானிய முறை குலைந்தது. 1832இல் இராசகாரியம் ஒழிந்தது. கட்டாய ஊழியம் ஒழிந்ததற்கு நாம் வருந்தவேண்டியதில்லை. ஆனால் அதன் இடத்தில் வந்தது என்ன? பிரித்தானிய அரசுக்கு வேண்டியவை கோப்பியும் தேயிலையும் இறப்பருமே. அம்பு செய்தோன் புதிதாக என்ன செய்யலாம் என்று கேட்கும் கடமை அந்நிய அரசுக்கு இல்லை. யப்பானியனை ஆண்ட அரசு தன் நாட்டு முதலாளியின் அரசு. அது சுரண்டினும் சந்தை தேடிக்கொடுத்தது. எங்களை ஆண்டதோ பிறநாட்டு முதலாளியின் அரசு, எங்களையே சந்தையாக்கியது. எழுத்தாணி போய்ப் பாடசாலைக்கு உருக்கு முள் வந்தபோது அது பேர்மிங்ஹாம் நகரத்து ஆலையிலிருந்து வந்தது. அங்கே அதனை வெட்டியோரும், குறைந்த கூலிக்கு உழைத்த பெண்களே. அரக்கு மட்டும் கப்பலேறியது. தியாகராஜ பாகவதர் காலத்து இசைத்தட்டுகள் அரக்குச் சேர்த்து உருவானவை; அரக்கைக் காட்டிலே சேர்த்த ஆதிவாசிக்கு அந்தப் பாட்டு எட்டியதா என்பது வேறு கதை.

இந்த அழிவைக் கண்டு முதலில் உரத்துக் கூறியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிற் பிறந்த இத்தமிழர் புவிச்சரிதவியலாளராகக் கிராமங்களிற் சுற்றியபோது வினைஞரோடு அமர்ந்து அவர்களின் தொழிலைக் குறித்துக்கொண்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. சோஷலிஸ்டும் கவிஞருமான வில்லியம் மொறிஸ் தமது நூல்களை அச்சிட்ட அதே கையச்சியந்திரத்தில் அந்நூல் அச்சேறியது என்பது நம் நெஞ்சைத் தொடும் செய்தி. நகவேலையைப் பற்றி நாம் இன்று அறிவதிற் பெரும்பகுதி அவர் தந்ததே. ஆயினும் பழைய சாதி அமைப்பினுள்ளே வினைஞன் நிறைவோடு வாழ்ந்தான் என அவர் வரைந்த சித்திரத்தை அப்படியே ஏற்க இயலாது. யப்பானிலே யனகி சோயெற்சுவும் 1920களில் மக்கள் கைவினையைப் போற்றி, பெயரறியா வினைஞனின் தன்னடக்கத்தை அதன் அழகுக்கு ஊற்றாகக் கண்டார். பெயர் வேண்டாம் என்று ஒருவன் தானே விட்டால் அது அடக்கம். பெயரிட அவனுக்கு எழுத்தே கற்பிக்கப்படவில்லையெனின் அஃது அநீதி. எழுத்தாணி செய்தவனின் பிள்ளைக்கு ஏடு மறுக்கப்பட்ட நாட்டில் இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எழுதும் கையும் செய்யும் கையும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு அண்டை நாட்டில் ஒரு சான்று உண்டு. ஆந்திரத்து இராஜமுந்திரியைச் சேர்ந்த ரத்னம் பொற்கொல்லர் மரபினர். 1921இற் காந்தியடிகளைச் சந்தித்தபோது, மக்களுக்குப் பயன்படும் சுதேசிப் பொருளொன்றைச் செய்யும்படி அவர் கூறினார் என்பது அக்குடும்பத்தார் வழங்கிவரும் செய்தி. 1930களின் தொடக்கத்திலே எபனைற் கோலைக் கையாற் கடைந்து ரத்னம் பேனை செய்தார். அதனைப் பெற்று எழுதிப் பார்த்த காந்தியடிகள் 1935 யூலையில் அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். இராஜமுந்திரிப் பேனையில் உருஷியும் இல்லை, பொன் ஓவியமும் இல்லை. ஆயினும் ஒரு விடுதலை இயக்கம் வினைஞனை நோக்கி 'உன்னால் இது முடியும்' என்று சொன்னபோது அவன் கை செய்துகாட்டியது. அதே ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகத்திலும், கருநாடகத்தின் சென்னபட்டணத்திலும், தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்திலும் அரக்குக் கடைசல் வேலை உண்டு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானின் சிவப்பும் மஞ்சளும் ஹப்புவிதையின் சிவப்பும் மஞ்சளுமே. கலைக்கு மொழி எல்லையும் இல்லை, மத எல்லையும் இல்லை.

* * *

யப்பானிலும் இக்கலை இன்று பாதுகாப்பான இடத்தில் இல்லை. அங்கு பயன்படும் உருஷியில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. பால் எடுப்போர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். 2024 ஜனவரி முதலாந் தேதி நோட்டோ குடாநாட்டை உலுக்கிய நிலநடுக்கத்திலே, அரக்குத் தொழிலுக்குப் பேர்பெற்ற வஜிமா நகரம் இடிந்து எரிந்தது. பேனைகளுக்கு உருஷி ஏற்றும் வினைஞரும் வாழும் நகரம் அது. நூற்றுக்கு மேற்பட்ட படிகளாகப் பிரிந்து, பல வினைஞர் பகிர்ந்து செய்யும் தொழிலில், ஒருவர் அகதியானாற் சங்கிலி முழுதும் அறுகிறது. கருவிகளை இடிபாட்டுக்குள் விட்டுத் தற்காலிக வீடுகளிற் குடியேறியோரின் செய்தியைப் படித்தபோது, அந்தத் தூர நகரம் எனக்குத் தூரமாய்த் தோன்றவில்லை. கருவியை இழந்த கை எப்படி மடியில் வெறுமனே கிடக்கும் என்பதை மெனிக் பாமிலே பார்த்திருக்கிறேன். தச்சரும் கொல்லரும் மீனவரும் கமக்காரரும் வரிசையிற் சோற்றுக்காக நின்ற காலம் அது. 2009 ஓகஸ்டிலே அம்முகாமிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவருள் நானும் ஒருவன். யாரோ அனுப்பிய ஒரு குமிழ்முனைப் பேனையால் எழுதினேன். அதனை எந்த நாட்டில், எந்தக் கை, என்ன கூலிக்குச் செய்தது என்று அன்று நான் நினைக்கவில்லை. அந்தப் பேனையே என்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றது.

நாம் செய்யத்தக்கது யாது? யப்பானியப் பேனையைப் பார்த்து ஏங்குதலன்று. செல்வரின் சட்டைப் பையை அலங்கரிக்கும் பொருளொன்றை நாமும் செய்யவேண்டும் என்பதும் அன்று. கல்வியென்பது கைத்தொழிலிலிருந்து தப்பியோடும் வழி என்ற எண்ணம் எங்கள் வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கிறது. 'படிக்காவிட்டால் மேசன் வேலைக்குத்தான் போகவேண்டும்' என்று மேசனின் பிள்ளையை நோக்கியே சொல்லும் ஆசிரியர் உளர், நானும் சொல்லியிருக்கிறேன். அந்த வசனத்தைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், எழுத்தாணி செய்தவனை வரலாற்றிலிருந்து மீண்டும் ஒருமுறை நீக்குகிறோம். தமிழ்ப் பாடத்தில் ஏட்டைப் படிப்பிக்கும்போது எழுத்தாணியையும், விஞ்ஞானப் பாடத்தில் இறப்பரைப் படிப்பிக்கும்போது பால் வெட்டியவரையும், சித்திரப் பாடத்தில் ஹப்புவிதையின் நகவேலையையும் சேர்த்துப் படிப்பிக்க எந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

காட்சியின் முதல் நாளிலே அந்த எழுத்தாணியின் முன் மாணவர் வைத்த அட்டையில் 'எழுத்தாணி: ஏடு எழுதப் பயன்பட்டது' என்று மட்டும் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் அதனை எடுத்துவிட்டு வேறோர் அட்டையை அவர்களே எழுதினர். இரும்பை அடித்தவர் கொல்லர். பிடியைச் செதுக்கியவர் தச்சர். பொருத்தியது காட்டு மரத்து அரக்கு. காத்துத் தந்தவரும் கழன்றபோது மீண்டும் பொருத்தியவரும் அம்மம்மா என்று அதில் இருந்தது. அடியிலே அம்மம்மாவின் பெயரையும் எழுதினர். கொல்லரின் பெயரும் தச்சரின் பெயரும் எவருக்கும் தெரியாமையால், அவ்விரண்டு இடங்களையும் வெறுமையாக விட்டிருந்தனர்.